மென்பொருள் சோதனையும் கேள்வி கேட்கும் மனமும்

கணிப்பொறிக்கு நாம் எழுதித் தரும் கட்டளைத் தொகுதியை மென்பொருள் என்கிறோம். ஒருவர் எழுதிய மென்பொருளை, அது பயனுக்கு வருமுன் மற்றொருவர் சோதிக்கிறார். அவர் கையில் ஒரு பட்டியல் இருக்கும். இந்த எண்ணை இடுக, இந்த விடை வருகிறதா என்று காண்க என அது நீளும். பட்டியல் முடிந்ததும் வேலையும் முடிந்தது என்று எண்ணுதல் எளிது. ஆனால் பிழையோ பட்டியலில் இல்லாத இடத்தில் அன்றோ ஒளிந்திருக்கிறது! ஆகவே, ‘இப்படிச் செய்தால் என்ன ஆகும்?’ என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்ளும் மனம் சோதிப்பவருக்கு இன்றியமையாதது.

அம்மனம் சிலருக்குப் பிறவியிலேயே அமைவது என்பர். வகுப்பறையில் வாழ்நாளைக் கழித்த எனக்கு இதில் உடன்பாடில்லை. ஆறாம் வகுப்பில் ஓயாது கேள்வி கேட்கும் சிறுவன், பத்தாம் வகுப்பில் வாய் திறவாதிருப்பதை ஆண்டுதோறும் கண்டிருக்கிறேன். பாடத்தை முடிக்கும் அவசரமும் தேர்வு பற்றிய அச்சமுமே அவன் வாயை அடைத்தன. அலுவலகங்களிலும் இவ்வாறு நடப்பதுண்டு என்பதற்குத் தெராக்-25 என்னும் பொறியின் வரலாறு சான்று.

புற்றுநோய்க்குக் கதிர்வீச்சால் மருத்துவம் செய்யும் இப்பொறியைக் கனடா அணுசக்தி நிறுவனம் உருவாக்கிற்று. இதற்கு முன்னிருந்த தெராக்-20 என்ற பொறியில், ஆபத்து நேருமாயின் மின்னோட்டத்தைத் துண்டிக்கும் தனிக் காப்பமைப்புகள் இருந்தன. புதிய பொறியில் அவற்றுட் பலவற்றை விலக்கி, காவற்பொறுப்பை மென்பொருளிடமே ஒப்படைத்தனர். 1983-இல் பொறியின் பாதுகாப்பை ஆராய்ந்தபோது, மென்பொருளை நன்கு சோதித்தாயிற்று என்ற எண்ணத்தில், அதிலே எஞ்சியிருக்கக்கூடிய பிழைகளைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. சோதனை என்பது ஐயத்தை எழுப்புவதற்கு மாறாக, ஐயத்தைத் தூங்கவைக்கும் தாலாட்டாகிவிட்டது!

1985 சூன் முதல் 1987 சனவரி வரை, ஆறு நோயாளிகள் அளவுக்கு மீறிய கதிர்வீச்சுக்கு ஆளாயினர். சிலர் மாண்டனர். அமெரிக்காவில் தெக்சாசு மாநிலத்து டைலர் நகர மருத்துவமனையில் 1986 மார்ச்சில் நிகழ்ந்ததை மட்டும் விரிவாகச் சொல்வேன். பொறியை இயக்கிய பெண்மணி, எலக்ட்ரான் கற்றைக்குரிய எழுத்தை இடவேண்டிய இடத்தில் எக்ஸ் கதிருக்குரிய எழுத்தை இட்டுவிட்டு, உடனே விரைந்து திருத்தினார். திரையில் திருத்தம் சரியாகவே தோன்றிற்று. உள்ளேயோ, காந்தங்களை நிலைப்படுத்துவதற்குப் பொறிக்குச் சுமார் 8 விநாடி தேவைப்பட்டது; அந்த 8 விநாடிக்குள் செய்த திருத்தத்தை மென்பொருள் முழுமையாகக் கவனிக்கவில்லை. எக்ஸ் கதிருக்கென வலுவேற்றிய கற்றை, இடையில் நின்று தாங்கவேண்டிய உலோகத் தடுப்பின்றி நேரே நோயாளியின்மீது பாய்ந்தது. 180 ராடு பெறவேண்டியவர், ஒரு சிறிய இடத்தில் 16,500 ராடுக்குக் குறையாமல் பெற்றார் என்று பின்னர் மதிப்பிட்டனர். திரையில் தோன்றியதோ ‘பழுது 54’ என்ற குறிப்பு மட்டுமே.

இவ்விடத்தில் அந்தப் பெண்மணியைக் குறை கூறுதல் நேர்மையாகாது. அப்பொறி அடிக்கடி ஏதேனும் ஒரு பழுதைக் காட்டி நிற்கும். ஒரு விசையை அழுத்தினால் மீண்டும் ஓடும். பழுதெண்ணுக்குரிய பொருளைக் கையேடும் விளங்கச் சொல்லவில்லை. மிகைக் கதிர்வீச்சு நேரவே முடியாது என்று தயாரித்தவர்கள் உறுதி கூறிவந்தனர். ‘நேர முடியாது’ என்று மேலிருந்து சொல் வந்தபின், கீழே இருப்பவர் ‘ஏன் நின்றது?’ என்று எவரிடம் சென்று கேட்பார்?

தயாரிப்பாளரின் பொறியாளர்கள் வந்து பார்த்தனர். பழுதை மீண்டும் வரவழைக்க அவர்களால் இயலவில்லை. ஏப்பிரலில் அதே பழுது மற்றொருவரைத் தாக்கியது. அப்பொழுது மருத்துவமனையின் பௌதிக அறிஞர் பொறியை நிறுத்திவிட்டு, அதே பெண்மணியை அருகில் இருத்தி, ‘அன்று எவ்வாறு தட்டினீர்களோ அவ்வாறே தட்டுங்கள்’ என்று முயன்றார். திரும்பத் திரும்ப முயன்றதில் இரகசியம் வெளிப்பட்டது. வேகமாகத் திருத்தினால் பழுது 54 வருகிறது! பொறியாளர்கள் நிதானமாகத் தட்டிப் பார்த்ததால் அது அவர்களுக்கு அகப்படவில்லை. இருவருக்கும் அங்கே நேரம் கிடைத்தது. இயக்குபவரின் நினைவைச் சான்றாக மதித்து ஏற்கும் ஒருவரும் இருந்தார்.

மாணவராகிய உங்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தி ஒன்றும் இதில் உண்டு. சிக்காகோவில் பழைய தெராக்-20 பொறியில் பயிற்சி பெற மாணவர்கள் புதிதாக வரும்போதெல்லாம் மின்காப்பு இழைகள் எரிந்துபோயின. பின்னர் அத்தொல்லை தானே நின்றுவிடும். டைலர் செய்தி பரவியபின் அங்கிருந்த பௌதிக அறிஞர் ஒருவர் ஆராய்ந்தார். பழகாத மாணவர்கள் கண்டபடியெல்லாம் எழுத்துகளை மாற்றித் தட்டுவர். அதே பிழை பழைய மென்பொருளிலும் இருந்ததால், காப்பமைப்பு குறுக்கிட்டு மின்னோட்டத்தைத் துண்டித்தது. பழகியவர்களோ வழக்கமான பாதையைவிட்டு விலகுவதில்லை. ஆகவே பிழையும் மறைந்துகொண்டது. புதியவனின் தடுமாற்றத்தைக் கண்டு நகைக்கும் அலுவலகம் எத்தகைய செல்வத்தை இழக்கிறது பாருங்கள்!

இன்றைய மென்பொருள் நிறுவனங்கள் சில, ஒருவர் ஒரு நாளில் எத்தனை சோதனைகளை முடித்தார் என்று எண்ணி அவரை மதிப்பிடுகின்றன. வயலில் நடந்த தூரத்தைக்கொண்டு உழவனை மதிப்பதற்கு ஒப்பானது இது. வேறு வழியும் உண்டு. பட்டியலை மட்டும் பின்பற்றாமல், கண்டதைக்கொண்டு அடுத்த கேள்வியை அமைத்துக்கொள்ளும் முறைக்கு 1980-களில் செம் கேனர் என்பவர் ‘துருவிச் சோதித்தல்’ என்னும் பொருள்படப் பெயரிட்டார். 2000-ஆம் ஆண்டளவில் சானதன் பாக், சேம்சு பாக் என்னும் உடன்பிறந்தார் இருவர் அதற்கோர் ஒழுங்கு வகுத்தனர். சோதிப்பவருக்கு ஒரு நோக்கத்தைத் தந்து, ஏறத்தாழ 90 நிமிடம் எவரும் இடையூறு செய்யாமல் விட்டுவிடுவர். அவர் கண்டதையெல்லாம் குறித்துக்கொள்வார். நேரம் முடிந்ததும் தலைவர் அவருடன் அமர்ந்து, என்ன கண்டீர், எது தடுத்தது, இன்னும் எதில் ஐயம் உண்டு என்று கேட்பார். அந்த விடைகளிலிருந்து அடுத்த 90 நிமிடத்துக்குரிய நோக்கம் உருவாகும்.