வானவழியின் தொலைவும் காலமும்

சிங்கப்பூரின் சாங்கி வானூர்தி நிலையம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 1.4 பாகையில் அமைந்துள்ளது. நியூயார்க்கின் கென்னடி நிலையம் 40.6 பாகையில். இரண்டின் நெட்டாங்குகளும் ஏறத்தாழ 178 பாகை வேறுபடுகின்றன. உலக உருண்டையின்மேல் இவ்விரு ஊர்களையும் ஒரு நூலால் இணைத்து இறுக்கிப் பிடித்தால், நூல் வட துருவத்தை ஒட்டியே படியும். சாங்கியிலிருந்து துருவம் வரை 88.6 பாகை, துருவத்திலிருந்து கென்னடி வரை 49.4 பாகை, ஆக 138. பாகைக்கு 111.2 கிலோமீட்டர் எனப் பெருக்கினால் ஏறத்தாழ 15,345 கிலோமீட்டர் கிடைக்கிறது. உலகின் மிக நீண்ட இடைநில்லாப் பயணத்தின் தொலைவைத் தாளும் எழுதுகோலும் கொண்டே கண்டுவிடலாம் என்பது வியப்பளிக்கிறது.

ஆயினும் சிங்கப்பூரிலிருந்து புறப்படும் வானூர்தி பெரும்பாலும் அந்நூல்வழியே செல்வதில்லை. பசிபிக் பெருங்கடலைக் கடந்து, ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேலாகச் சுற்றிச் செல்வது வழக்கம். காரணம், காற்று.

வெப்பமண்டலக் காற்றும் துருவக் குளிர்காற்றும் எதிர்ப்படும் இடத்தில் வெப்பநிலை வேறுபாடு மிகுதி. அங்கே ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் பெருங்காற்று எழுகிறது; புவியின் சுழற்சி அதைக் கிழக்கு நோக்கித் திருப்புகிறது. இதுவே தாரைக்காற்றோட்டம். ஜப்பானிய வானிலை அறிஞர் வசாபுரோ ஓயிஷி, 1920களில் பலூன்களைப் பறக்கவிட்டு இதை அளந்தார். 1926இல் தம் முடிவுகளை எஸ்பெராண்டோ மொழியில் வெளியிட்டார். படித்தவர் மிகச் சிலரே. 1944இல் ஜப்பான்மீது உயரப் பறந்த அமெரிக்கக் குண்டுவீச்சு வானூர்திகள் அக்காற்றில் சிக்கித் தடுமாறின. ஓயிஷிக்கு உரிய புகழ் இன்னும் முழுமையாகக் கிட்டவில்லை என்றே கருதுகிறேன்.

கணக்கைப் பார்ப்போம். காற்றில் மணிக்கு 900 கிலோமீட்டர் விரையும் வானூர்தி, எதிர்க்காற்றும் பின்காற்றும் இல்லாத துருவவழியில் 15,345 கிலோமீட்டரைக் கடக்க 17 மணி 3 நிமிடம் ஆகும். பசிபிக் வழி 16,600 கிலோமீட்டர் என்றும், கிழக்கு நோக்கி வீசும் தாரைக்காற்றோட்டம் தரும் பின்காற்று சராசரியாக மணிக்கு 100 கிலோமீட்டர் என்றும் கொள்வோம். நிலத்தை நோக்க அதன் விரைவு மணிக்கு 1,000 கிலோமீட்டர் ஆகிறது; பயணம் 16 மணி 36 நிமிடத்தில் முடிகிறது. நீண்ட வழியே விரைவான வழி! கால அட்டவணையில் ஏறத்தாழ பதினெட்டரை மணி என்றிருப்பது, ஓடுபாதைக்கு ஊர்தல், ஏறுதல், இறங்குதல், காத்திருத்தல் எல்லாம் சேர்வதால்.

சேமிக்கும் அரைமணி நேரம் பயணிகளின் வசதிக்காக மட்டுமன்று. தொலைதூரப் பயணத்தில் எரிபொருளைச் சுமப்பதற்கே எரிபொருள் செலவாகிறது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2004இல் நியூயார்க்கை அடுத்த நியூவர்க்குக்கு நான்கு பொறிகள் கொண்ட ஏர்பஸ் ஏ340-500 வானூர்தியை இயக்கியது. எரிபொருட் செலவைத் தாங்க இயலாமல் 2013இல் நிறுத்தியது. 2018இல் இரு பொறிகள் கொண்ட ஏ350-900 வகையின் நெடுந்தொலைவு வடிவம் வந்த பிறகே அப்பயணம் மீண்டது. அவ்வானூர்தியின் எரிபொருட் கலங்கள் 1,65,000 லிட்டர் கொள்ளும். இருக்கைகளோ 161 மட்டுமே. ஒவ்வொரு புறப்பாட்டுக்கும் முன்னர் அன்றைய காற்றின் முன்கணிப்பைக் கொண்டு வழியும் எரிபொருளும் புதிதாகக் கணிக்கப்படுகின்றன.