ஏ. எஸ். எதிர் அங்கேரி

ஏ. எஸ். எதிர் அங்கேரி என்பது, உரிய விளக்கம் அளிக்காமல் பெண்ணொருவருக்குச் செய்யப்பட்ட கருத்தடை அறுவைச் சிகிச்சை தொடர்பான பன்னாட்டு மனித உரிமை வழக்கு ஆகும். ஐக்கிய நாடுகள் அவையின் பெண்களுக்கெதிரான பாகுபாட்டை ஒழிப்பதற்கான குழு, 2006 ஆகத்து 14 அன்று இதில் முடிவு எடுத்தது. முறையீடு செய்தவர் அங்கேரியைச் சேர்ந்த ரோமா இனப் பெண் ஆவார். அவரது பெயரின் முதலெழுத்துகளே வழக்கின் பெயரில் உள்ளன.

பின்னணி

2001 சனவரி 2 அன்று, கருவுற்றிருந்த இவர் கடும் குருதிப்போக்குடன் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார். குழந்தை கருப்பையிலேயே இறந்திருந்ததால் உடனடி அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டது. அறுவை மேசையில் இருந்தபோது அவரிடம் ஒப்புதல் படிவத்தில் கையொப்பம் பெறப்பட்டது. அப்படிவத்தின் அடியில், தமக்குக் கருத்தடை செய்யுமாறு அவரே கோருவதாக மருத்துவர் கையால் எழுதிய, படிப்பதற்கு அரிய குறிப்பு ஒன்று இருந்தது. கருத்தடையைக் குறிக்க அதில் இருந்த இலத்தீன் சொல்லின் பொருளை அவர் அறிந்திருக்கவில்லை. அவர் மருத்துவமனையை அடைந்ததிலிருந்து சிகிச்சை முடியும்வரை கழிந்த நேரம் 17 நிமிடங்கள். வீடு திரும்புமுன், மீண்டும் எப்போது கருவுறலாம் என மருத்துவரிடம் கேட்டபோதே நடந்ததை அறிந்தார்.

உள்நாட்டு வழக்கு

முதல் நீதிமன்றம் இவரது வழக்கைத் தள்ளுபடி செய்தது. 2003 இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், முழுமையான தகவல் அளிக்காதது மருத்துவர்களின் கவனக்குறைவே என ஏற்றது. எனினும், கருத்தடையை மீண்டும் மாற்றியமைக்க இயலும் என்று கூறி இழப்பீடு வழங்க மறுத்தது.

குழுவின் முடிவு

பெண்களுக்கெதிரான அனைத்து வகைப் பாகுபாடுகளையும் ஒழிக்கும் உடன்படிக்கையின் பின்வரும் உறுப்புரைகள் மீறப்பட்டதாகக் குழு கண்டது:

* உறுப்புரை 10(எச்): குடும்பக் கட்டுப்பாடு குறித்த தகவலும் அறிவுரையும் பெறும் உரிமை
* உறுப்புரை 12: உடல்நலச் சேவைகளில் பாகுபாடின்மை
* உறுப்புரை 16(1)(இ): குழந்தைகளின் எண்ணிக்கையையும் இடைவெளியையும் தடையின்றி முடிவு செய்யும் உரிமை

தனிநபர் முறையீட்டுக்கான விருப்ப நெறிமுறை அங்கேரியில் நடைமுறைக்கு வந்தது 2001 மார்ச்சில்தான். அறுவையோ அதற்கு முன்பே நடந்தது என அரசு வாதிட்டது. கருத்தடையின் விளைவு தொடர்வதால் முறையீட்டை ஏற்கலாம் எனக் குழு கூறியது. கருத்தடை நிலையானது என்ற நோக்குடனேயே செய்யப்படுவது என்றும், அதனை மாற்றியமைக்கும் அறுவை வெற்றியடையும் வாய்ப்புக் குறைவு என்றும் குழு சுட்டியது.

முக்கியத்துவம்

கையொப்பம் மட்டுமே ஒப்புதல் ஆகாது என்பது இம்முடிவின் சாரம் ஆகும். சிகிச்சையின் தன்மை, விளைவு, மாற்று வழிகள் ஆகியவற்றை நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும்; எண்ணிப் பார்க்க அவகாசமும் தர வேண்டும். குழந்தையை அகற்றும் அறுவை உயிர்காக்க அவசரமானது. கருத்தடைக்கு அத்தகைய அவசரம் இல்லை.

அங்கேரி 2008 இல் தனது பொதுச் சுகாதாரச் சட்டத்தைத் திருத்தியது. 2009 இல் இவருக்கு இழப்பீடு வழங்க முன்வந்தது. 2011 இல் வி. சி. எதிர் சிலோவாக்கியா வழக்கில், ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றமும் ரோமா பெண்ணொருவருக்கு இத்தகைய தீர்ப்பை வழங்கியது.