கிளட்ச் ஆயில் எங்கே போகிறது?
பழைய கார் வைத்திருப்போர் கவனிக்க!

சென்னையில் புறப்பட்டு, திண்டிவனம், செஞ்சி வழியாக நன்றாக ஓடி வந்த பழைய கார், திருவண்ணாமலை எல்லைக்குள் நுழைந்ததும் மக்கர் செய்கிறது. கியர் விழ மறுக்கிறது. ரிவர்ஸ் போட்டால் "கறகற" என்று சத்தம். கிளட்ச் பெடலோ மிதித்த இடத்திலேயே செத்தாற்போல் கிடக்கிறது.

இது ஏன்?

காரணம் கூட்டம்தான். திறந்த சாலையில் கிளட்சுக்கு அதிக வேலை இல்லை. பௌர்ணமி நாளில் ஊரை நெருங்கினால் கதையே வேறு. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் அன்று வாகனங்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. ஆகவே வண்டிகள் எல்லாம் மற்றச் சாலைகளில் வந்து குவிகின்றன. பத்தடி நகர்ந்தால் நிற்க வேண்டும். பெடலை மிதித்து மிதித்துக் கால் சோர்ந்துவிடும். உள்ளே தேய்ந்துபோன ரப்பர் வாஷர் அப்போதுதான் கையை விரிக்கும்.

ஆபத்தும் அங்கேதான். கிளட்ச் விடுபடாவிட்டால், பெடலை மிதித்த பிறகும் வண்டி முன்னே ஊர்ந்துகொண்டிருக்கும். எதிரே குழந்தை குட்டிகளுடன் பக்தர்கள் நடந்து போகிறார்கள்!

வண்டலூர் கார்

சென்னையை அடுத்த வண்டலூரில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். 948 சி.சி. எஞ்சின் கொண்ட சிறு வண்டி. அந்தத் தொழிற்சாலை கார் செய்வதை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனாலும் இந்த வண்டியை ஆசையாகப் போற்றி வைத்திருப்பவர்கள் தமிழ்நாட்டில் இன்றும் இருக்கிறார்கள்.

இதில் பெடலுக்கும் கிளட்சுக்கும் இடையே கம்பியோ கேபிளோ கிடையாது. திரவம்தான் வேலை செய்கிறது. பெடலை மிதித்ததும், எஞ்சின் அறையின் பின்சுவரில் உள்ள மாஸ்டர் சிலிண்டர் ஆயிலைக் குழாய் வழியே தள்ளும். கியர் பெட்டியின் முன்புறத்தில் மணி போன்ற உறை ஒன்று உண்டு. அங்கே இருக்கும் ஸ்லேவ் சிலிண்டர் அந்த அழுத்தத்தை வாங்கி, கிளட்சைப் பிரிக்கும் நெம்புகோலைத் தள்ளும். மூடிய திரவத்தில் ஓரிடத்தில் கொடுத்த அழுத்தம் எல்லாப் பக்கமும் பரவும் என்று 17-ம் நூற்றாண்டில் பாஸ்கல் கண்ட தத்துவம்தான் இது. காற்று நசுங்கும், திரவம் எளிதில் நசுங்காது. ஆயில் ஒழுகிக் காற்று புகுந்தால், உங்கள் கால் பலம் முழுவதும் காற்றை நசுக்குவதிலேயே செலவாகிவிடும்.

துப்பு துலக்குங்கள்

டப்பாவில் ஆயில் குறைந்திருக்கிறதா? பலர் அதை நிரப்பிவிட்டுப் புறப்பட்டுவிடுகிறார்கள். இது வைத்தியம் ஆகாது. ஆயில் ஆவியாகப் போய்விடாது. எங்கோ ஒழுகியிருக்கிறது. அந்த இடத்தைத் தேட வேண்டும்.

முதலில் காருக்குள் குனிந்து, பெடலின் மேல்பக்கத்தையும் கால்மிதி விரிப்பையும் தடவிப் பாருங்கள். ஈரமானால் மாஸ்டர் சிலிண்டரின் பின்புற வாஷர் போய்விட்டது என்று அர்த்தம்.

அங்கே உலர்ந்திருந்தால் ஸ்லேவ் சிலிண்டருக்குப் போங்கள். அதன் வாயில் உள்ள ரப்பர் தொப்பியை மெல்ல விலக்குங்கள். உள்ளிருந்து ஆயில் சொட்டினால் திருடன் அகப்பட்டான்! அதுவும் இல்லையென்றால் குழாய் இணைப்புகளையும் வளையும் ஹோசையும் துடைத்துவிட்டு, ஒருவரைப் பெடல் மிதிக்கச் சொல்லிக் கவனியுங்கள்.

டப்பாவில் அளவு குறையவே இல்லை, ஆனாலும் பெடல் மெல்லக் கீழே இறங்குகிறதா? அது உள் ஒழுக்கு. மாஸ்டர் சிலிண்டருக்குள் வாஷரைத் தாண்டி ஆயில் திரும்பி ஓடுகிறது. வெளியே ஒரு சொட்டும் தெரியாது. ஏமாந்துபோவது பெரும்பாலும் இதில்தான்.

கீழே கண்ட கசிவு எஞ்சின் ஆயிலா, கிளட்ச் ஆயிலா என்ற சந்தேகம் வரும். ஒரு சொட்டை எடுத்து ஒரு குவளைத் தண்ணீரில் விடுங்கள். எஞ்சின் ஆயில் மிதக்கும். சாதாரண பிரேக் ஆயில் தண்ணீரோடு கலந்துவிடும். இரண்டுக்கும் ஒரே ஆயில்தான் என்பதால் கிளட்சுக்கு ஊற்றுவதும் பிரேக் ஆயிலே.

வேலையைத் தொடங்குமுன்...

ஹெரால்டின் பானெட், மட்கார்டுகளோடு சேர்ந்து முன்பக்கமாகத் திறக்கும். டயர் மேல் உட்கார்ந்துகொண்டே மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றலாம்! இந்த வசதி இன்றைய புதுக் கார்களில் எங்கே? ஸ்லேவ் சிலிண்டர்தான் சற்றுச் சங்கடம். காருக்குள் கியர் பெட்டியை மூடியுள்ள உறையை எடுத்தால் கை எட்டும்.

கழற்றிய சிலிண்டரின் உட்சுவரை நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் இடறும் குழி இருந்தால் புது வாஷர் போட்டும் பயனில்லை. சிலிண்டரையே மாற்ற வேண்டும். வழவழப்பாக இருந்தால் வாஷர் கிட் போதும். கிட் வாங்கும்போது அளவு முக்கியம். பெரும்பாலும் சிலிண்டரின் மேலேயே அங்குலக் கணக்கில் அது பொறிக்கப்பட்டிருக்கும்.

கழுவுவதற்குப் பெட்ரோலோ மண்ணெண்ணெயோ கூடவே கூடாது. ரப்பர் ஊதிவிடும். புது பிரேக் ஆயிலிலேயே கழுவுங்கள். வாஷரின் உதடு ஆயில் இருக்கும் பக்கம் பார்த்து உட்கார வேண்டும். திருப்பிப் போட்டால் எல்லாம் வீண்.

அவசரத்துக்கு எஞ்சின் ஆயில் ஊற்றுவோர் இருக்கிறார்கள். அன்றைக்கு வண்டி வீடு போய்ச் சேரலாம். மறுநாள் வாஷர்கள் அத்தனையும் வீங்கிக் கிடக்கும். முற்காலத்தில் விளக்கெண்ணெயும் ஆல்கஹாலும் கலந்த பிரேக் ஆயில் இருந்தது உண்மை. அதை நம்பி இன்று யாரும் சமையலறைப் பக்கம் போக வேண்டாம்!

பெயிண்ட் ஜாக்கிரதை. பிரேக் ஆயில் பட்டால் பெயிண்ட் உரிந்துவிடும். சிந்தியதும் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

ஏர் எடுப்பது

கடைசியில் ஏர் எடுக்க வேண்டும். இதற்கு இரண்டு பேர் தேவை. ஸ்லேவ் சிலிண்டரின் நிப்பிளில் ஒரு ரப்பர் குழாயை மாட்டி, மறுமுனையைச் சிறிது ஆயில் உள்ள கண்ணாடிப் பாட்டிலில் முழுக வையுங்கள். ஒருவர் பெடலை மெதுவாக மிதிக்க, மற்றவர் நிப்பிளைத் திறக்க வேண்டும். குமிழி வரும். நிப்பிளை மூடிய பிறகே பெடலை விட வேண்டும். முந்திவிட்டால் வெளியேறிய காற்று திரும்ப உள்ளே ஏறும். குமிழி நிற்கும்வரை இப்படியே. இடையிடையே டப்பாவையும் பார்த்து நிரப்புங்கள். அது வறண்டால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். பாட்டிலில் சேர்ந்த ஆயிலைத் திரும்ப ஊற்றாதீர்கள். புது ஆயிலும் அன்று திறந்த டப்பாவாக இருக்கட்டும். திறந்து வைத்தது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும்.

அன்றிரவு வண்டியின் கீழே, கியர் பெட்டிக்கு நேராக ஓர் அட்டையை விரித்து வையுங்கள். காலையில் அட்டை உலர்ந்திருந்து, டப்பாவில் அளவும் அப்படியே நின்றால், கிரிவலத்துக்குப் புறப்படலாம்.