மேப்பில் தெரியாத மேடு: மார்செய் நகரில் ஹோட்டல் தேடுவது எப்படி?

இன்டர்நெட்டில் ஹோட்டல் பிடிப்பது சுலபம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பிரான்சின் மத்தியதரைக் கடல் துறைமுகமான மார்செய் நகருக்கு அம்மாவை அழைத்துச் சென்றபோது, வாடகையையும் பழைய துறைமுகத்திலிருந்து உள்ள தூரத்தையும் மட்டும் பார்த்து ரூம் புக் செய்தேன். மேப்பில் 400 மீட்டர். போய்ப் பார்த்தால் அவ்வளவும் ஏற்றம், படிக்கட்டு. ரூம் மூன்றாவது மாடியில், லிஃப்ட் கிடையாது. முழங்கால் வலியுள்ள அம்மா மறுநாள் ரூமை விட்டு வெளியே வரவே இல்லை.

அது லெ பானியே என்ற பழைய குடியிருப்பு. துறைமுகத்துக்கு வடக்கே, ஒரு குன்றின் மேல் இருக்கிறது. சாதாரண மேப்பில் குன்றும் ஒன்றுதான், சமதரையும் ஒன்றுதான். கூகுள் எர்த்தைத் திறந்து ஹோட்டல் இருக்கும் இடத்தில் மவுஸை வையுங்கள். கடல் மட்டத்திலிருந்து உயரம் கீழே தெரியும். பிறகு கூகுள் மேப்ஸில் மஞ்சள் பொம்மையை இழுத்துத் தெருவில் விடுங்கள். படிக்கட்டு இருந்தால் கண்ணிலேயே பட்டுவிடும். இந்த ஐந்து நிமிட வேலையை நான் செய்யவில்லை.

கையில் பணம் குறைவா? சென் ஷார்ல் ரயில் நிலையத்தைச் சுற்றித் தேடுங்கள். நிலையத்தின் முன்னால் 104 படிகள் கொண்ட பிரம்மாண்டமான படிக்கட்டு உண்டு. பயப்பட வேண்டாம், அங்கேயே மெட்ரோ இருக்கிறது. முதல் லைனில் இரண்டாவது நிறுத்தமே பழைய துறைமுகம்.

நடுத்தர பட்ஜெட் என்றால் என் ஓட்டு துறைமுகக் கரைக்குத்தான். சமதரை. ஆனால் இரவில் சத்தம் இருக்கும், பின்பக்க ரூம் கேளுங்கள். சண்டிகரை வடிவமைத்த லெ கொர்புசியே 1952-ல் கட்டி முடித்த அடுக்குமாடிக் கட்டடத்திலும் ஒரு ஹோட்டல் உண்டு. கட்டடக் கலைப் பிரியர்களுக்கு அது சரி. துறைமுகத்திலிருந்து தூரம் அதிகம்.

செலவைப் பற்றிக் கவலை இல்லாதவர்களுக்கு, பழைய ஆஸ்பத்திரிக் கட்டடமான ஓத்தெல் தியே 2013-ல் ஐந்து நட்சத்திர ஹோட்டலாகத் திறக்கப்பட்டது. வேடிக்கை என்னவென்றால், அதுவும் லெ பானியே சரிவில்தான்! டாக்ஸி வாசலில் இறக்கிவிடும், உள்ளே லிஃப்ட் இருக்கும். அவர்களுக்கு மேடு என்பது அழகான காட்சி.

இன்னும் இரண்டு விஷயம். "துறைமுகம் அருகில்" என்று போட்டிருந்தால் எந்தத் துறைமுகம் என்று பாருங்கள். பெரிய உல்லாசக் கப்பல்கள் நிற்கும் இடம் பல கிலோமீட்டர் வடக்கே. சுற்றுலா வரி தலைக்கு, ஓர் இரவுக்கு இவ்வளவு என்று தனியாக வரலாம். பணம் கட்டும் முன் கடைசிப் பக்கத்தைப் படியுங்கள்.

கேன்சல் செய்தால் பணம் திரும்பாத ரூம்தான் கொஞ்சம் மலிவு. நான் எடுத்தது அதுதான். அந்தப் பணத்தை விட்டுவிட்டு, மீதி இரண்டு இரவுக்குக் கரையோரத்தில் வேறு ஹோட்டல் பிடித்தேன். மறுநாள் காலை நான் எழுந்திருப்பதற்குள், அம்மா தனியாகவே நடந்து போய்க் கரையில் உள்ள மீன் சந்தையைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.