கொன்றவன் கையில் ஒரு ராக்கி

போடிமெட்டு ஏறி, மூணாறு தாண்டி, கோதமங்கலத்தில் இறங்கினால் பெரும்பாவூருக்குப் பக்கத்தில் புல்லுவழி என்றொரு சிற்றூர். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மலையாளக் கரைக்குப் போய்வருகிறவர்களுக்கு இது அதிக தூரமில்லை. அங்கே ஒரு விவசாயக் குடும்பத்தில் 1954 ஜனவரி 29ந் தேதி பிறந்தவர் ஸிஸ்டர் ராணி மரியா. பெற்றோருக்கு ஏழு குழந்தைகள், இவர் இரண்டாவது.

கன்னிகாஸ்திரி ஒருவர் கொல்லப்பட்டார் என்றால் யுத்த காலந்தான் நம் நினைவுக்கு வரும். 1942 ஆகஸ்டில் ஹாலந்து நாட்டு மடத்திலிருந்து ஹிட்லரின் ஆட்கள் பிடித்துச் சென்று, ஆஷ்விட்ஸ் முகாமில் கொன்ற எடித் ஸ்டைன் அம்மையாரை உலகமே அறியும். ஆனால் ராணி மரியா இருந்த ஊரில் பீரங்கி முழங்கவில்லை. அங்கே சண்டை வட்டிக் கணக்கில் இருந்தது.

கடன் என்னும் விலங்கு

பிரான்சிஸ்கன் கிளாரிஸ்ட் சபையில் சேர்ந்த ராணி மரியா, 1975ல் உத்தரப் பிரதேசத்துப் பிஜ்னோருக்குப் போனார். பிறகு மத்தியப் பிரதேசம். 1992ல் தேவாஸ் ஜில்லாவிலுள்ள உதய்நகருக்கு வந்து சேர்ந்தார். சுற்றிலும் ஏழை ஆதிவாசிகள். விதைப்புக்குக் கடன், விளைச்சல் கடன்காரனுக்கு, மறுபடியும் கடன்! தலைமுறை தலைமுறையாக இதே கதை.

ஸிஸ்டர் அவர்களுக்கு எழுத்தும் கணக்கும் சொல்லிக் கொடுத்தார். பாங்கில் நியாயமான வட்டிக்குக் கடன் கிடைக்கும், சர்க்கார் உதவிகள் இன்னின்ன உண்டு என்று எடுத்துச் சொன்னார். சேர்ந்து சேமிக்கப் பழக்கினார். கைகட்டி நின்றவர்கள் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். வட்டியில் வாழ்ந்தவர்கள் சும்மா இருப்பார்களா?

1995 பிப்ரவரி 25. உதய்நகரிலிருந்து இந்தூருக்குப் போகும் பஸ்ஸில் ஸிஸ்டர் ஏறினார். வழியில், காட்டு மலைப் பாதையில், சமுந்தர் சிங் என்ற வாலிபன் கத்தியை எடுத்தான். பணக்காரர்களின் தூண்டுதலால் வந்தவன் அவன். பஸ்ஸில் அத்தனை பேர் இருந்தும் தடுக்க ஒருவருக்கும் துணிவு வரவில்லை. ஐம்பதுக்கு மேற்பட்ட காயங்கள்! 41 வயதில், சாலையோரத்திலேயே அவர் உயிர் பிரிந்தது.

சிறைக்குள் வந்த தங்கை

சமுந்தருக்கு ஆயுள் தண்டனை விதித்தார்கள். மனைவியும் அவனை விட்டுப் போய்விட்டாள். தன்னைத் தூண்டிவிட்டவர்களை வெளியே வந்ததும் தீர்த்துவிடுவது என்ற ஒரே நினைப்புடன் சிறையில் நாளை எண்ணிக் கொண்டிருந்தான். சுவாமி சதானந்த் என்ற பாதிரியார் விடாமல் அவனைப் போய்ப் பார்த்தார். பழிவாங்கும் வெறி சிறிது சிறிதாகத் தணிந்தது.

2002ல் ராக்கிப் பண்டிகை சமயம். சிறைக்கு ஒரு கன்னிகாஸ்திரி வந்தார். ராணி மரியாவின் சொந்தத் தங்கை ஸிஸ்டர் ஸெல்மி பால்! அக்காளைக் குத்திய அதே கையில் ராக்கி கட்டி, அவனைத் தம் சகோதரனாக ஏற்றுக்கொண்டார். அவனை விடுவிக்கும்படி குடும்பத்தாரே மன்றாடினார்கள். 2006ல் அவன் விடுதலையானான். பின்பு புல்லுவழிக்குப் போனான். பெற்ற தாய் அவனை வரவேற்று, அவன் கைகளை முத்தமிட்டார். எந்தத் தாய்க்கு வரும் இந்த மனசு?

2017 நவம்பர் 4ந் தேதி இந்தூரில் ராணி மரியாவுக்குக் கத்தோலிக்கத் திருச்சபை அருளாளர் பட்டம் வழங்கியது. வேதசாட்சியாக அந்தப் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண்மணி அவரே. அன்று கூடியிருந்த ஜனத்திரளில் சமுந்தர் சிங்கும் இருந்தார். ஸிஸ்டர் ஸெல்மிக்கு அவர் விருந்தாளி அல்ல, அண்ணன்.