குற்றம் சரக்கிலா, அளவையிலா?

நமது சங்கத்தில் மளிகைக் கடைக்காரர்களே அதிகம். எல்.சி.ஆர். மீட்டர் என்ற பெயர் அவர்களில் பலருக்குப் புதிதாக இருக்கலாம். ஆனால் மளிகையோடு பல்பு, சுவிட்சு, விசிறிக் கண்டன்சர் என்று சேர்த்து விற்கும் கடைகள் இன்று ஊர்தோறும் உள்ளன. அத்தகைய கடைகளுக்கு மின்சாமான்களை மொத்தமாக அனுப்பி வருபவர்கள் நாங்கள். அந்த மீட்டரால் நாங்கள் அடைந்த நன்மையும், அதை வைத்துக்கொண்டே நாங்கள் செய்த ஒரு தவறும் எல்லா வணிகர்களுக்கும் பயன்படும் என்று எண்ணி இதை எழுதுகிறோம்.

திரும்பி வந்த பெட்டி

சில ஆண்டுகளுக்கு முன், கோடை தொடங்கும் வேளையில், இருபது வருடமாக எங்களிடம் சரக்கு எடுக்கும் ஒரு மளிகைக்காரர் கண்டன்சர் பெட்டி ஒன்றைத் திருப்பிக் கொண்டுவந்தார். புதிது மாற்றியும் விசிறி மெதுவாகவே சுற்றுகிறது என்று வாடிக்கைக்காரர்கள் சண்டை பிடிக்கிறார்களாம். வேறு பெட்டி கொடுத்தோம். பத்து நாளில் அதுவும் திரும்பி வந்தது. அவர் கோபப்படவில்லை. "அண்ணாச்சி, எண்ணெயில் கலப்பு என்றால் மோந்து பார்த்தே சொல்லிவிடுவேன். இதை நான் எப்படிப் பார்ப்பது?" என்று மட்டும் கேட்டார். எங்களிடம் பதில் இல்லை.

சரக்கு அனுப்பியவரைக் கேட்டால், "எங்கள் அளவு சரிதான், விசிறியில்தான் பழுது" என்றார். மறுத்துப் பேச எங்கள் கையில் ஆதாரம் இல்லை. அதன் பிறகே மேசைமேல் வைத்து அளக்கும் எல்.சி.ஆர். மீட்டர் ஒன்றை வாங்கினோம். 2.5 மைக்ரோ ஃபாரட் என்று அச்சிட்ட கண்டன்சர்கள் அதில் 1.9, 2.0 என்றே காட்டின. அளந்த விவரத்தை எழுதி அனுப்பியதும் விவாதம் நின்றது. சரக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.

மீட்டர் என்ன செய்கிறது?

எல் என்பது கம்பிச்சுருளின் தூண்டல்; சி என்பது கண்டன்சரின் கொள்ளளவு; ஆர் என்பது மின்தடை. இம்மூன்றையும் அளப்பதால் இந்தப் பெயர். மீட்டர் தானே ஒரு சிறு மாறுமின்னோட்டத்தைப் பொருளுக்குள் அனுப்புகிறது. அதன் வோல்டேஜையும் கரண்டையும், ஒன்றுக்கொன்று எவ்வளவு முந்திப் பிந்தி வருகின்றன என்பதையும் பார்த்துக் கணக்கிட்டுச் சொல்கிறது. 'டி' என்ற மற்றொரு எண்ணையும் காட்டும். அது பொருளுக்குள் வீணாகும் சக்தியைக் குறிப்பது. கண்டன்சரில் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

நாங்கள் செய்த தவறு

மீட்டர் வந்த புதிதில் எங்களுக்கு ஒரு மிதப்பு இருந்தது. ஆம்பிளிஃபயர்களுக்குப் போகும் 1000 மைக்ரோ ஃபாரட் எலெக்ட்ரோலிடிக் கண்டன்சர்கள் வேறொரு வியாபாரியிடமிருந்து வந்திருந்தன. அளந்தால் குறித்த அளவில் பாதிகூட இல்லை. உடனே கடுமையாகக் கடிதம் எழுதிப் பணத்தையும் நிறுத்தி வைத்தோம். அவர் நேரிலேயே வந்துவிட்டார். மீட்டரைப் பார்த்தவர், "இதை எத்தனை ஹெர்ட்ஸில் வைத்திருக்கிறீர்கள்?" என்றார். முந்தின நாள் சிறு சுருள்களைச் சோதிக்க 10 கிலோ ஹெர்ட்ஸில், 'பேரலல்' முறையில் வைத்ததை யாரும் மாற்றவில்லை. 100 ஹெர்ட்ஸுக்கும் 'சீரிஸ்' முறைக்கும் மாற்றியதும் ஏறக்குறைய 960 காட்டியது. அத்தனையும் நல்ல சரக்கு. அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, அன்றே பணத்தைக் கொடுத்தோம். முன்பு எங்களை ஒருவர் நடத்திய விதத்திலேயே நாங்களும் ஒருவரை நடத்திவிட்டோம் என்பது இன்றும் மனத்தை உறுத்துகிறது.

இன்று எங்கள் கடையில் உள்ள முறை

முதலாவது, காலையில் மீட்டரைப் போட்டு அரை மணி நேரம் சூடாக விடுகிறோம். அதற்கு முன் காட்டும் எண்ணை நம்புவதில்லை.

இரண்டாவது, சுழி எடுத்தல். வெறும் தட்டுக்குப் பூஜ்யம் வைக்காமல் யாரும் சர்க்கரை நிறுப்பதில்லை. இங்கே அதை இரண்டு விதமாகச் செய்யவேண்டும். கிளிப்புகளைப் பிரித்து வைத்து ஒரு முறை, ஒன்றோடொன்று கவ்வவிட்டு ஒரு முறை. கேபிள், கிளிப்புகளின் சொந்த அளவை மீட்டர் அப்போது கழித்துக்கொள்ளும். கேபிளை மாற்றினால் மறுபடி செய்யவேண்டும். கிளிப்புகளுக்கு நான்கு கம்பி வருவதும் இதற்காகவே. இரண்டு கம்பி கரண்டைக் கொண்டுபோகும். இரண்டு வோல்டேஜை மட்டும் பார்க்கும். கம்பியின் தடை கணக்கில் கலக்காது.

மூன்றாவது, பொருளுக்கேற்ற அமைப்பு. விசிறிக் கண்டன்சருக்கும் எலெக்ட்ரோலிடிக்குக்கும் 100 ஹெர்ட்ஸ் வைக்கிறோம். பெரிய கொள்ளளவுக்கு 'சீரிஸ்'. மிகச் சிறிய கொள்ளளவுக்கு 'பேரலல்', அதற்குக் கூடுதல் ஹெர்ட்ஸ். இதை அட்டையில் எழுதி மீட்டர்மேலேயே ஒட்டிவிட்டோம்.

நான்காவது, மின்சாரம் இறக்குதல். பயன்படுத்திய கண்டன்சரில் மின்சாரம் தங்கியிருக்கும். ஆளையும் அடிக்கும், மீட்டரையும் கெடுக்கும். ஒரு ரெசிஸ்டர் வழியாக அதை இறக்கி, வோல்ட் மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே கிளிப்பை மாட்டவேண்டும். கருவிக்குள் இணைந்திருக்கும் பொருளை அப்படியே அளக்கக்கூடாது.

ஐந்தாவது, மாதிரி. மூட்டையில் குத்தூசி விட்டுப் பார்ப்பது போல, பெட்டியின் மேல், நடு, அடி என்று எடுத்து அளக்கிறோம். 5 சதவீதம் கூடுதல் குறைவு என்று அச்சிட்ட 2.5 கண்டன்சர் 2.375 முதல் 2.625 வரை இருக்கலாம். எலெக்ட்ரோலிடிக்கில் 20 சதவீதம் சாதாரணம். 1000 என்றிருப்பது 800 முதல் 1200 வரை இருந்தாலும் குற்றமில்லை. இந்த வரம்பைப் பாராமல் சண்டைக்குப் போகக்கூடாது.

கடைசியாக, அளவு தெரிந்த நல்ல கண்டன்சர் ஒன்றைத் தனியே வைத்திருக்கிறோம். தினமும் முதலில் அதை அளந்து நோட்டில் எழுதுகிறோம். நேற்றைய எண்ணே இன்றும் வந்தால்தான் அடுத்த வேலை. ஆண்டுக்கு ஒரு முறை என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற சோதனைச் சாலையில் மீட்டரைச் சரிபார்த்து வாங்குகிறோம்.

மீட்டர் சொல்லாதவை

இது அனுப்புவது சுமார் 1 வோல்ட்தான். ஆகவே 440 வோல்ட் என்று குறித்த கண்டன்சர் அதைத் தாங்குமா, எத்தனை வருடம் உழைக்கும் என்பதை மீட்டர் சொல்லாது. விசிறிக் கண்டன்சரின் உள்ளே இருக்கும் மெல்லிய உலோகப் பூச்சு நாளடைவில் சிறிது சிறிதாக எரிந்து கொள்ளளவு குறையும். பழைய விசிறிகள் மந்தமாவதற்கு இது ஒரு பெரிய காரணம். இன்று அளவு சரியாக இருப்பது, நாளைக்கும் உழைக்கும் என்பதற்கு உத்தரவாதமல்ல.

மளிகை நண்பர்களுக்கு

நீங்கள் இந்த மீட்டரை வாங்கவேண்டியதில்லை. மின்சாமான் எடுக்கும்போது, "அளந்து காட்டுங்கள்" என்று மொத்த வியாபாரியிடம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. காட்டுவது எங்கள் கடமை.

கூடவே உங்கள் மின்னணுத் தராசையும் ஒரு முறை பாருங்கள். நீர்மட்டக் குமிழி நடுவில் நிற்கிறதா? இந்த ஆண்டு முத்திரை போட்டாகிவிட்டதா? மூட்டை எடை குறைகிறது என்று மில்லுக்காரரோடு வாதாடும் முன், முத்திரையிட்ட படிக்கல்லை வைத்து நமது தராசைச் சோதிக்கிறோமா? குற்றம் சரக்கில் இருக்கலாம்; அளவையிலும் இருக்கலாம். முதலில் நமது அளவையைச் சரிபார்த்துக்கொண்டு பேசினால், நமது பேச்சுக்கு மதிப்பு இருக்கும்.

அந்த மளிகைக்காரர் இன்றும் எங்களிடம்தான் சரக்கு எடுக்கிறார். ஒவ்வொரு முறையும் இரண்டு கண்டன்சரைத் தாமே எடுத்து நீட்டி, "அளந்து காட்டுங்கள் அண்ணாச்சி" என்கிறார். நாங்களும் மகிழ்ச்சியோடு அளந்து காட்டுகிறோம்.