கணக்கு இல்லாதவரும் பார்க்கலாம்: தெருவுக்கு ஒரு பொது காலண்டர்

ஆடி வெள்ளி வந்தால் திருவானைக்காவலில் கோயிலைச் சுற்றி எவ்வளவு கூட்டம் என்று உங்களுக்கே தெரியும். அதே வாரம் பராமரிப்பு மின்தடை வரலாம். ஞாயிற்றுக்கிழமை மருத்துவ முகாம் இருக்கலாம். இந்தத் தேதிகள் நமக்கு எப்படி வந்து சேருகின்றன? பெரும்பாலும் வாட்ஸ்அப் ஃபார்வேர்டு மூலமாகத்தான். தேதி தள்ளிப்போனால்? பழைய ஃபார்வேர்டு மட்டும் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும்.

இதற்கு எளிய வழி, ஆன்லைன் பொது காலண்டர். லிங்க் ஒன்றுதான். தேதியை நீங்கள் திருத்தினால், அந்த லிங்க்கைத் திறக்கும் எல்லோருக்கும் திருத்திய தேதியே தெரியும். பார்ப்பவருக்கு ஜிமெயில் கணக்கு வேண்டாம், பாஸ்வேர்டு வேண்டாம், புது செயலியும் வேண்டாம். வீட்டில் ஒரே போனை நான்கு பேர் பயன்படுத்தினாலும் பிரச்சினை இல்லை.

குடியிருப்போர் சங்கம் ஒன்று இதைத் தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். கூகுள் காலண்டரில் எப்படிச் செய்வது?

செய்முறை

1. கணினியில் கூகுள் காலண்டரைத் திறங்கள். கணினி இல்லையா? போன் பிரவுசரில் ‘டெஸ்க்டாப் சைட்’ தேர்வு செய்து முயன்று பாருங்கள்.

2. இடது பக்கம் ‘அதர் காலண்டர்ஸ்’ அருகே உள்ள கூட்டல் குறியைத் தொட்டு, புதிய காலண்டர் ஒன்றை உருவாக்குங்கள். உங்கள் சொந்த காலண்டரை ஒருபோதும் பொதுவாக்க வேண்டாம். டாக்டரைப் பார்க்கும் நாள், வெளியூர்ப் பயணம் எல்லாமே ஊருக்குத் தெரிந்துவிடும்.

3. புதிய காலண்டரின் ‘செட்டிங்ஸ் அண்ட் ஷேரிங்’ பகுதிக்குப் போய், ‘மேக் அவைலபிள் டு பப்ளிக்’ என்பதை டிக் செய்யுங்கள். பக்கத்திலேயே ‘சீ ஆல் ஈவென்ட் டீடெயில்ஸ்’ என்று இருக்க வேண்டும். ‘ஃப்ரீ/பிஸி’ என்று விட்டுவிட்டால், மின்தடை, முகாம் எதுவும் தெரியாது. ‘பிஸி’ என்று மட்டும்தான் காட்டும்.

4. அதே பக்கத்தில் கீழே ‘இன்டக்ரேட் காலண்டர்’ பகுதியில் ‘பப்ளிக் யூஆர்எல் டு திஸ் காலண்டர்’ இருக்கும். அந்த லிங்க்கைக் காப்பி செய்து பகிருங்கள்.

எந்த லிங்க்?

பலர் தடுமாறுவது இங்கேதான். டிக் செய்த இடத்துக்குப் பக்கத்திலேயே ‘கெட் ஷேரபிள் லிங்க்’ என்ற பட்டன் இருக்கும். கைக்கு அருகில் இருப்பதால் அதையே அனுப்பிவிடுகிறோம். ஆனால் அது, காலண்டரைத் தன் கூகுள் கணக்கில் சேர்த்துக்கொள்ள விரும்புபவருக்கான லிங்க். கணக்கு இல்லாதவர் தொட்டால் ‘சைன் இன்’ பக்கத்தில் போய் நின்றுவிடும். எல்லோரும் பார்க்க வேண்டுமென்றால் ‘பப்ளிக் யூஆர்எல்’தான் சரி.

‘ஐகால்’ என்று இன்னொரு முகவரியும் அங்கே இருக்கும். ஐபோன், அவுட்லுக் போன்ற வேறு காலண்டர்களில் இணைப்பதற்கானது அது. 1998-இல் வெளியான ஒரு பொதுத் தரநிலையை இந்தக் காலண்டர்கள் எல்லாம் பின்பற்றுவதால் இது சாத்தியமாகிறது. இப்படி இணைத்தவர்களுக்கு மாற்றங்கள் வந்து சேரச் சில மணி நேரம் ஆகலாம். அவசரத் திருத்தம் என்றால் வாட்ஸ்அப்பிலும் ஒரு வரி போட்டுவிடுங்கள். ‘சீக்ரெட்’ என்று தொடங்கும் முகவரியை மட்டும் யாருக்கும் தராதீர்கள்.

அனுப்பும் முன் ஒரு சோதனை: பிரவுசரின் ‘இன்காக்னிட்டோ’ பக்கத்தில் லிங்க்கைத் திறந்து பாருங்கள். எதையும் கேட்காமல் காலண்டர் திறந்தால், எல்லோருக்கும் திறக்கும். பிறகு க்யூஆர் கோடாக மாற்றி, தெருமுனை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடலாம்.

திதியைக் கவனியுங்கள்

ஜம்புகேஸ்வரர் கோயில் உச்சிகால பூஜை தினமும் நடப்பது. அதற்கு ‘டெய்லி’ என்று போட்டால் போதும். ஆடி வெள்ளிக்கு ‘வீக்லி’ போட்டு, ஆடி முடியும் தேதியையும் குறிப்பிடலாம். ஆனால் திதியைப் பொறுத்து வரும் நாட்களுக்கு ‘ஆனுவலி’ போடக் கூடாது. ஸ்ரீரங்கம் வைகுண்ட ஏகாதசியையே பாருங்கள். 2025-இல் ஜனவரி 10, டிசம்பர் 30 என இரண்டு முறை வந்தது. 2024-இல் ஒருமுறைகூட வரவில்லை! இவற்றை ஆண்டுதோறும் பஞ்சாங்கம் பார்த்துத்தான் பதிய வேண்டும்.

‘டைம் ஸோன்’ இந்திய நேரத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இங்கே பகல் 12 மணி என்றால் சிங்கப்பூரில் பிற்பகல் 2.30. அங்கிருக்கும் நம் ஊர்க்காரர்கள் குழம்பாமல் இருக்க, குறிப்பில் ‘இந்திய நேரம்’ என்று எழுதுவது நல்லது.

எதைப் போடக் கூடாது?

பொது காலண்டர் கூகுள் தேடலிலும் வரக்கூடும். அதனால் தனிநபர் பெயர், போன் நம்பர், வீட்டு முகவரி, யார் எப்போது ஊரில் இல்லை என்பதெல்லாம் வேண்டவே வேண்டாம். அறிவிப்புப் பலகையில் எழுதத் தயங்கும் எதையும் இதிலும் எழுதாதீர்கள். பொதுமக்கள் பார்க்க மட்டுமே முடியும், திருத்த முடியாது. திருத்தும் உரிமையை நம்பிக்கையான இரண்டு பேருக்குக் கொடுத்து வையுங்கள். ஒருவர் ஊரில் இல்லாதபோதும் மின்தடைத் தேதி சரியாக இருக்கும்.